சாக்குப் பையில் அப்பா

அண்ணன் மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள் மதினி. "இதெல்லாம் ஒரு புள்ள படிக்கிற பொஸ்தகமா? ஒரே ரத்தமா கெடக்கு. நீயே பாத்துட்டு, பள்ளிக்கூடத்துலயே திருப்பிக் குடுத்துரு. இனிமே இங்கிட்டு வரக் கூடாது."

வீட்டில் படிப்பாளி என்று பெயர் வாங்கியவள் நான். அதனால் தீர்ப்புச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழும். சிறுவர் சாகச நாவலாம். நாலு பக்கம் புரட்டினால் போதாதா என்ற திமிரோடு, காலையில் அறந்தாங்கியில் பஸ் ஏறியதும் திறந்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு கடல் பூதம் மீனவர் ஒருவரைப் பிய்த்துத் திசைக்கொன்றாக எறிந்துவிடுகிறது. அவருடைய மகள் அழவில்லை. ஒரு சாக்குப் பையை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பொறுக்கக் கிளம்புகிறாள். நண்டு வளையில் காது கிடைக்கிறது. கொக்குக் கூட்டில் கை. காதில் வாயை வைத்து, "அப்பா, பசிக்குதா?" என்று கேட்கிறாள். சீ என்று மூடி வைத்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடி திறந்தேன். கால் கிடைத்ததா என்று தெரியாமல் எப்படி ஆபீசில் போய் உட்காருவது?

கிடைத்தது, ஒரு சுறாவின் தொண்டையில். அதற்குள் கையை விட்டு அவள் இழுக்கும்போது நான் சத்தமாக "ஐயோ" என்றிருக்கிறேன். பக்கத்து சீட்டு அம்மா தன் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டார். கிடைத்ததையெல்லாம் வலைநூலால் தைக்கிறாள் அந்தப் பெண். ஒரு விரல் மட்டும் கிடைக்கவே இல்லை. தைத்து முடித்ததும் அப்பாவின் முகத்தைக் கழுவி, நெற்றியைத் தடவி, ஆசை தீரப் பார்த்துவிட்டு, மணலைத் தானே தள்ளி மூடுகிறாள். உயிர் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. இதை எழுதிய ஆளுக்கு என்ன நெஞ்சுரம்! எத்தனையோ பெரிய நாவல்களைப் படித்திருக்கிறேன், எதுவும் என்னை இப்படி ஆட்டிப் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா, திருவரங்குளத்துக்குத்தானே டிக்கெட் வாங்குனீங்க? புதுக்கோட்டையே வந்துருச்சு" என்றார் கண்டக்டர்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றபோதுதான் அண்ணன் வந்த நாள் ஞாபகம் வந்தது. போன வருஷம், வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் விபத்து. பெட்டியில் வந்தார். திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பயந்துவிடும் என்று அவளைப் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவளுக்கு மிஞ்சியது மாலை போட்ட போட்டோதான். அவள் ஏன் அந்தப் புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று புரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்த மதினி என்னை முறைத்தாள்.

"முழுசாப் படிச்சீங்களா அத்தே?" என்றாள் பிள்ளை.

"படிச்சேன்."

"எங்கப்பாவுக்கு வெரலெல்லாம் இருந்துச்சா?"

மதினியின் கையில் தோசைக்கரண்டி அப்படியே நின்றது.

"தெரியலடி. நானும் பாக்கல, ஒங்கம்மாவும் பாக்கல."

மதினி அடுப்பை அணைத்தாள். வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்ல இருந்து படி ஆத்தா, நானும் கேக்குறேன்" என்றாள்.