டாங்கியில் மிதந்த கொழுந்து

டீசலும் பச்சைக் கொழுந்தும் கலந்து அடிக்கும் வாடை எங்காவது மூக்கில் பட்டால், இந்த வயதிலும் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும்.

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில், நாங்கள் "ஸ்டோரு" என்று சொல்லும் தேயிலை ஆலையை ஒட்டிய பட்டறையில் அப்பா வெல்டிங் வேலை பார்த்தார். கொழுந்து ஏற்றிவரும் டிரெக்டர் வண்டியின் டீசல் டாங்கி வெடிப்பு விட்டு ஒழுகினால், நன்றாகக் கழுவி, மூடியைத் திறந்துவைத்து, வெடிப்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்புவார். பிறகு ஒரு கொழுந்தைக் கிள்ளி உள்ளே போடுவார். அது மேலே மிதப்பது வாய் வழியாகத் தெரிந்தால்தான் நெருப்பு வைப்பார். "டீசல் போனாலும் ஆவி உள்ளயே குந்திக்கிட்டிருக்கும், தண்ணிதான் அத வெளிய தள்ளும். இல்லாட்டி வெடிச்சு நம்மளத் தூக்கிரும்" என்பார்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. யாராவது பெயர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வேன். டிரெக்டர் ஓட்டும் மாரிமுத்து மாமா எனக்கு வைத்த பெயர் "ஊமைக்கோட்டான்".

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மலையில் கொழுந்து மூட்டைகள் காத்துக் கிடந்ததால், "சுருக்கா முடிங்க மச்சான்" என்று மாமா அரித்துக்கொண்டிருந்தார். அப்பா முகமூடியை இறக்கிக்கொண்டு டாங்கியின்மேல் குனிந்தார். வாசல் சிமெந்து ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் ஒரு கொழுந்து ஒட்டிக்கிடந்தது.

கத்தவேண்டும் என்று தெரிந்தது, வாய் வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கைப் போட்டுவிட்டு ஓடி, சுவரிலிருந்த மெயின் சுவிட்சைத் தொங்கிப் பிடித்து இழுத்தேன்.

"எவன்டா சுவிச்சுல கை வச்சது?" என்று ஓங்கிய கையோடு வந்தார் அப்பா.

நான் தரையைக் காட்டினேன். "தண்ணி... இல்லப்பா."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் கவுத்தேன் மச்சான். கழுவத்தான் ஊத்தினீங்கன்னு நெனச்சேன். டீசல்ல தண்ணி கலந்தா ஏத்தத்துல எஞ்சின் நின்னுருமே..." கொழுந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெல்டிங் குச்சி எடுக்கப் போயிருந்தார் அப்பா; அந்த இடைவெளியில் நடந்தது இது. திரும்பி வந்தபின், பார்த்ததுதானே என்று மறுபடி பார்க்கவில்லை.

ஓங்கிய கை என் தலையில் வந்து அமர்ந்தது. மாமாதான் முதலில் மூச்சுவிட்டார்: "ஊமைக்கோட்டான் கரண்ட்டையே ஊமையாக்கிட்டானே மச்சான்!" மூன்று பேரும் சிரித்தோம், நிறுத்த முடியாமல்.

மாமா வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். அப்பா புதுக் கொழுந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். "நீயே போடு. மெதக்குதுன்னு நீ சொன்னாத்தான் தொடுவேன்."

"மெதக்குதுப்பா."

"கேக்கல."

சத்தமாகச் சொன்னேன்.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. வெல்டிங் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மாரிமுத்து மாமாவும் போய்விட்டார். அப்பா இருக்கிறார், எண்பதைத் தாண்டி, காது மந்தமாகி. நாலு பேர் முன்னால் இன்றும் வாய் திறக்காத நான், தினமும் காலையில், எங்கள் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி, "தேத்தண்ணி குடிச்சீங்களாப்பா?" என்று கத்துகிறேன்.

"கேக்கல" என்கிறார்.

இன்னும் சத்தமாகக் கத்துகிறேன்.