மஸ்கட் கடற்கரையில் கடித்த அட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, சகுனம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். இலங்கை மலையகத்தில், நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். அங்கே ஒரு நாய் இரண்டு தடவை ஊளையிட்டால் போதும், எலுமிச்சம்பழத்தோடு நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். கூரை ஒழுகுகிறது, தகரத்தில் ஓட்டை என்று சொன்னால் ஒருவருக்கும் திருப்தி இருக்காது, யாரோ ஏவிவிட்டதாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்திலிருந்து தப்பித்து, பதுளையில் படித்து, மஸ்கட்டில் ஏசி பராமரிப்பு வேலைக்குப் போனவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை வந்தால் கடற்கரை. எனக்கு அது தண்டனை. வாரம் முழுக்க ஏசிக்குள் கிடக்கிற சனம், பாய், குடை, புரியாணிச் சட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் உட்கார்ந்து, ‘என்ன வெயில்’ என்று அலுத்துக்கொள்ளும். கடலை நிமிர்ந்து பார்க்கிறவர் எவருமில்லை, சட்டிக்குள்தான் பார்வை. என் மனைவி சாந்திக்கோ அங்கே போகாவிட்டால் வாரம் முடிந்த மாதிரியே இருக்காது. மகள் தாரணிக்கு அப்போது ஐந்து வயது. மஸ்கட்டில் பிறந்தவள், தோட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் காட்டவில்லை என்பதுதான் சரி. என் அண்ணனும் அண்ணியும் இன்னும் அதே லயத்தில்தான் இருந்தார்கள். அண்ணி கொழுந்து பறிக்கிறவர். அவருக்கு ஒரு கெட்ட கனவு வந்தால் உடனே அண்ணன் எனக்குப் போன் எடுத்து, வண்டியில் ஏறாதே, அங்கே போகாதே என்பார். ஒருநாள், ‘இந்தக் காட்டுமிராண்டிப் பேச்சைப் பேசுவதென்றால் இனிமேல் எடுக்காதே’ என்று கத்திவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சே இல்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது.

இது நடந்தது ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை. எங்களோடு பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கணக்காளரும் வந்திருந்தார். மத்தியானம் இரண்டரை மணி. வெட்ட வெளிச்சம், கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. தாரணி எனக்குப் பத்தடி தள்ளி மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கோழித் துண்டை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன், அவ்வளவுதான். குழி இருந்தது, பிள்ளை இல்லை.

சாந்தி போட்டிருந்த உடுப்போடு கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். கணக்காளர் கரை முழுக்க ஓடினார். நான் கார்களுக்கு அடியில்கூடத் தேடினேன். கரையின் ஓரத்தில் நாலைந்து பாறைகள் இருந்தன, அவற்றை மூன்று தடவை சுற்றி வந்தேன். கடல்தான் கொண்டுபோய்விட்டது என்று மணலில் உட்கார்ந்தேன் பாருங்கள், அப்போதுதான் “அப்பா” என்று கேட்டது. நான் மூன்று தடவை சுற்றிய அதே பாறைக்கு முன்னால் தாரணி நின்றுகொண்டிருந்தாள்.

தூக்கினேன். உடம்பு ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. கணுக்கால் வரைக்கும் செம்மண் சேறு, விரல் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. முழங்காலுக்குப் பின்பக்கம் ஓர் அட்டை, இரத்தம் குடித்து உருண்டு திரண்டு தொங்கியது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கு அட்டை தெரியாதா? மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போய் வந்த ஒவ்வொரு நாளும் காலிலிருந்து பிடுங்கிப் போட்டவன் நான். பாலைவனத்து மணலில் அட்டை எங்கிருந்து வரும்? கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினேன், சுருண்டு விழுந்தது. இரத்தம் மட்டும் நிற்காமல் வழிந்தது.

“எங்கம்மா போயிருந்த?” என்று கேட்டேன்.

“பச்சையா இருக்கிற எடத்துக்கு. அங்க குளிருதுப்பா” என்றாள். அப்படியே தோளில் தூங்கிவிட்டாள்.

கணக்காளர் குனிந்து அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, “உது ஊரிலயிருந்து வாற மரக்கறிப் பெட்டியோட வந்திருக்கும் தம்பி. நீங்கள் வீணா யோசியாதேங்கோ” என்றார். படித்த மனிதர். நான் அந்தப் பதிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சேறு எந்தப் பெட்டியில் வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மாலை அண்ணன் போன் எடுத்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு.

“டேய், ஒன் மக எங்கடா இருக்கா?”

“இங்கதான் தூங்குறா. ஏன்?”

அண்ணன் போனை அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அழுதுகொண்டே பேசினார். “தம்பி, நாலு மணிக்கு மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னேங்க. ஒரே மழ, மூட்டம். மேல ரோட்டு ஓரமா சின்னப் புள்ள ஒண்ணு நின்னுச்சி. மஞ்சக் கலர்ல கையில்லாத சட்ட, தோள்ல ஊக்கு குத்தியிருந்துச்சி. மொகம் அப்படியே ஒங்க மொகம். இந்தக் குளிர்ல நிக்குதேன்னு கூடைய எறக்கி வச்சிட்டு மேல ஓடுனேன். ரோட்டுல கால வச்சேன், கீழ நான் நின்ன எடம் மண்ணோட சரிஞ்சி போச்சி தம்பி. எறக்கி வச்ச கூடைகூட கெடைக்கல. திரும்பிப் பாத்தா புள்ளையக் காணோம்.”

ஊரில் நாலு மணி என்றால் மஸ்கட்டில் இரண்டரை. தாரணி அன்று போட்டிருந்த மஞ்சள் நீச்சல் உடுப்பு அந்த வாரம்தான் வாங்கியது. தோள்பட்டி பெரிதாக இருந்ததால் அன்று காலை சாந்தி ஊக்குக் குத்திவிட்டாள். ஒரு படம்கூட நாங்கள் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “கண் டாக்டரைப் போய்ப் பாருங்க அண்ணி” என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு பதுளைக்கே திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டோம். நடந்ததைக் கேட்ட பூசாரி ஒருவர் குலதெய்வத்தின் வேலை என்றார், இணையத்தில் படிக்கிற மச்சான் ஒருவன் அலைவரிசை, அதிர்வு என்று என்னவோ அளந்தான். இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள். இன்றைக்கும் எனக்கு அவர்களிடம் ஒரு மரியாதையும் கிடையாது.

ஆனால் போன வருடம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, அண்ணி தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அன்னிக்கி போன்ல ஒண்ண மட்டும் சொல்லல தம்பி. புள்ள தனியா நிக்கலங்க. கையப் புடிச்சிக்கிட்டு ஒரு ஆளு நின்னாரு, அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு. அந்த நிக்கிற தோரணையப் பாத்து நீங்கதான்னு நெனச்சேன். ‘தம்பி, தம்பி’ன்னு கூப்புட்டுக்கிட்டுத்தான் ஓடுனேன். புள்ள திரும்பிப் பாத்துச்சி. நீங்க திரும்பல.”

இதைச் சாந்தியிடம் இதுவரை சொல்லவில்லை. இப்போதெல்லாம் பதுளை பஸ் நிலையத்தில் யாராவது பின்னாலிருந்து “தம்பி” என்று கூப்பிட்டால், என்னை இல்லை என்று தெரிந்தாலும், சட்டென்று திரும்பிவிடுகிறேன்.