வாடையை நம்பிப் பனிமலை ஏறினோம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பலேர்மோவிலிருந்து புறப்பட்டோம். போகிற இடம் பியானோ பத்தாலியா. மதோனியே மலைகளில் ஆயிரத்து அறுநூறு மீற்றர் உயரத்தில் பனிச்சறுக்குக்காரர் கூடும் இடம் அது. ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தூரம். சிசிலியில் ஏது பனி என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டதோடு நின்று வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

காரில் மூன்று பேர். ஓட்டியவர் அன்ரன். பல்லரோ சந்தைக்குப் பின்னால் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவர். மன்னார் பேசாலையில் கடலுக்குப் போனவர், இங்கே ஒரு வைத்தியர் வீட்டில் சமையல் வேலை. பக்கத்தில் அவர் மனைவி ஜெசிந்தா, ஆறு மாதக் கர்ப்பிணி. நான்கு வருடம் விசாவுக்குக் காத்திருந்து போன வைகாசியில்தான் வந்து சேர்ந்தாள். பின்சீற்றில் நான், துணைக்கு. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியைத் துணைக்குக் கூட்டிப்போனது அவர்கள் செய்த முதல் பிழை.

பனியில் சேலை கட்டி நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது ஜெசிந்தாவின் ஆசை. வயிற்றுப்பிள்ளைக்காரி வாய்விட்டுக் கேட்டதை மறுக்கும் துணிவு எங்கள் ஆட்களில் யாருக்கு உண்டு? நான் வேலை செய்யும் வீட்டுத் தொலைக்காட்சியில் முதல்நாள் வானிலை சொன்னார்கள். வடக்கிலிருந்து காற்று, எண்ணூறு மீற்றருக்கு மேல் பனி. வீட்டுக்காரச் சின்யோரா போகாதே என்றார். அதைக் காரில் சொன்னேன். அன்ரன் சிரித்தார்.

"அக்கா, வடக்குக் காத்தெண்டா அது வாடை. தை மாசத்து வாடை வீசினா வானம் வெளிச்சிடும். கிழக்கால வாற கொண்டலுக்குத்தான் பயப்பிடோணும். நான் எத்தினை வருசம் பாத்த காத்து!"

அந்தக் காற்றை நம்பிக் கடலுக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தவர் சொல்கிறார். நானும் நம்பினேன்.

கடலோரப் பெருந்தெருவை விட்டு மலைப்பக்கம் திரும்பி, கொலேசானோ ஊரில் பெற்றோல் அடித்தோம். அங்கிருந்த மனிதர் எங்கள் சில்லுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, பனியில் வழுக்காமல் சில்லில் மாட்டும் சங்கிலி வாடகைக்கு இருக்கிறது, இருபதாயிரம் லீரா, மாட்டிக்கொண்டு போங்கள் என்றார். அன்ரன் அண்ணாந்து பார்த்தார். துடைத்துவிட்ட மாதிரி நீலம். வேண்டாம் என்று தலையாட்டினார்.

பத்தரைக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். மலையும் மரங்களும் ஓட்டு வீடுகளும் ஒரே வெள்ளை. கண் கூசியது. ஆட்களை இழுத்து மேலேற்றும் கம்பிவடத்தின் அடியில் ஒரு பலகை: உச்சியில் எண்பது சென்டிமீற்றர், அடிவாரத்தில் ஐம்பது, புதுப்பனி. மிதித்தால் புட்டுமா போல நொறுங்கியது. ஜெசிந்தா குழந்தை மாதிரிச் சத்தம்போட்டாள். ஸ்வெற்றருக்கு மேலேயே சிவப்புச் சேலையைச் சுற்றினாள். காலில் கோயிலுக்குப் போடும் மெல்லிய சப்பாத்து.

பன்னிரண்டு மணிக்குப் பலகையில் எழுதியிருந்ததை அழித்தார்கள், கம்பிவடத்தை நிறுத்தினார்கள். ஆட்கள் பரபரவென்று காரில் ஏறினார்கள். நாங்கள் அசையவில்லை. பலேர்மோ வீடுகளில் இத்தனை வருடம் வேலை செய்கிறோம். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே நிற்கும் சிசிலிக்காரரை எங்களில் யாரும் கண்டதில்லை. சாப்பிடத்தான் ஓடுகிறார்கள் என்று சிரித்தோம். இனி இடம் முழுக்க நமக்குத்தான் என்று அன்ரன் சொன்னார். சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, மிச்சப் படங்களையும் எடுத்தோம்.

ஒரு மணியளவில் கடல் பக்கத்திலிருந்து சாம்பல் நிறமாக ஒன்று ஏறி வந்தது. எதிரே நின்ற மலை மறைந்தது, பிறகு மரங்கள், பிறகு தெரு. காரைக் கிளப்பி இரண்டு வளைவு இறங்கியிருப்போம். மூன்றாவதில் சில்லு பிடிக்கவில்லை. கார் தன்பாட்டில் பக்கவாட்டாகத் திரும்பி வழுக்கிப்போய் ஓரக்கல்லில் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம். எவ்வளவு ஆழம் என்று தெரியாததுதான் கூடப் பயம்.

ஜெசிந்தாவை மெல்லப் பின்சீற்றுக்கு எடுத்தேன். அவளுடைய ஈரக் கால்களை மடியில் வைத்துத் தேய்த்தேன். உணர்ச்சியே இல்லை என்றாள். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெள்ளையாகி மூடிக்கொண்டன.

"வாடை இப்பிடிச் செய்யாதெல்லோ, அக்கா," என்றார் அன்ரன். ஸ்டியரிங்கை விடவில்லை. "வாடை இப்பிடிச் செய்யாது."

நான் செபமாலையை எடுத்தேன். அப்போது ஜெசிந்தா என் காதோடு சொன்னாள்: "அக்கா, பிள்ளை அசையேல்லை."

"நித்திரையா இருக்குமடி."

"இல்லை. சாப்பிட்டவுடனை எப்பவும் உதைக்கும். படம் எடுக்கேக்கையும் அசையேல்லை. அவரிட்டைச் சொல்லாதேங்கோ."

அவருக்குக் கேட்டுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்து மட்டும் விறைத்தது. அதற்குப் பிறகு வாடையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் செபமாலை மந்திரங்களை மாற்றி மாற்றிச் சொன்னேன். பயத்தில் எனக்குப் பாதி மறந்துபோயிற்று.

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. மஞ்சள் விளக்குச் சுழல, பனி தள்ளும் லொறி ஒன்று வந்தது. சாரதி இறங்கி, கதவோரப் பனியைக் கையால் வழித்து உள்ளே பார்த்தார். ஜெசிந்தாவின் வயிற்றைக் கண்டதும் ஏசத் தொடங்கினார்.

"எல்லாரும் போகும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தோம்," என்றேன்.

"சாப்பிடவா? வடகாற்று! அது கடலைக் குடித்துக்கொண்டு வந்து இந்த மலையில்தான் கொட்டும். இங்கே ஆட்டுக்குக்கூட இது தெரியும்."

பெண்கள் இருவரையும் லொறியின் சூட்டில் ஏற்றினார். காரைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்தார். அதில் அன்ரன் தனியே. இறங்கும் வழியெல்லாம் ஜெசிந்தா வயிற்றில் கை வைத்தபடி இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க, அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் இல்லை.

கொலேசானோவில் வெறும் மழைதான். அங்கிருந்த காப்பிக் கடைக்காரப் பெண்மணி சீனி அள்ளிப்போட்டுச் சுடுபால் கொடுத்தார். அன்ரன் வாசலிலேயே நின்றார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஜெசிந்தா அரைக்கிளாஸ் குடித்தாள். கிளாசைச் சட்டென்று மேசையில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "இஞ்சை வாங்கோ. கையை வையுங்கோ."

அவர் வந்தார். ஆனால் கையை வைக்கவில்லை. அவளுடைய பால் கிளாசை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கை குளிர் என்று சூடாக்குகிறார் என நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வைக்கப் பயப்படுகிறார். அவளே இழுத்து வைத்தாள், பிள்ளை உதைத்த இடத்தில். சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி அவர் அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

பேசாலையில் பக்கத்துப் படகுக்காரரெல்லாம் அன்ரனிடம் காற்றுக் கேட்டுவிட்டுத்தான் பாய் விரிப்பார்களாம். ஜெசிந்தா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். புறப்படும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரப் பெண்மணியிடம் போனார். பலேர்மோ வரைக்கும் காற்று எப்படியிருக்கும் என்று, தனக்குத் தெரிந்த இத்தாலியனில், மரியாதையாகக் கேட்டார்.