வேர் பார்க்காத காளான்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் என் போன் அலறத் தொடங்கிவிடும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதற்காக, ஊர் உலகத்துக் காளானுக்கெல்லாம் நான்தான் ஜாதகம் கணிக்க வேண்டுமாம். போட்டோ வந்து விழும், கூடவே ‘சார், இது சாப்பிடறதா?’ என்று ஒரு வரி. அதிலும் முந்திரிச் சருகுக்குள் முளைக்கிற இந்தச் சின்னப் பழுப்புக் காளான் இருக்கிறதே, சரியான சனியன். நகத்தளவு தொப்பி, ஈர்க்குச்சி மாதிரி ஒரு காம்பு. நூறு வகை இருந்தாலும் நூறுக்கும் ஒரே முகம். போட்டோவைப் பார்த்தே அதை அடையாளம் சொல்கிறேன் என்பவன் புளுகன். எல்லோருக்கும் ஒரே பதில்தான் அனுப்புவேன்: வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

“அன்னிக்கே வேணாம்னு சொன்ன மனுஷன் அவரு. நம்மாளுதான் கேக்கல” என்று என் மனைவியின் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

நம்மாளு என்று அவர்கள் சொல்வது என் மனைவியின் தம்பியை. எனக்கு மச்சான். திருவதிகைக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்தான். வாய் ஓயாத பேச்சு, நாக்கு நீளம், இதயத்துக்கு மாத்திரை வேறு. ஓர் ஆடி ஞாயிறு, வேலையாகப் பண்ருட்டி போனவன் அவன் வீட்டில் எட்டிப் பார்த்தேன். அவன் மனைவி கூழ் ஊற்றுவதற்காக விரதம். காளானும் அவர்களுக்குக் கவிச்சி மாதிரிதான், வீட்டு அடுப்பில் ஏற்றக் கூடாது. அதனால் வாசலில் மூன்று கல்லை வைத்து அவனே சமைக்கத் தயாராக நின்றான். காலடியில் ஒரு கூடைக் காளான்.

“இன்னா மாமா பாக்குறீங்க? புத்துக் காளான்தான். முந்தாநாளு இடி இடிச்சதுல்ல?”

ஒன்றை எடுத்துத் திருப்பினேன். காம்பு பாதியில் முடிந்திருந்தது.

“வேர் எங்கடா மச்சான்?”

அந்தப் பக்கத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். புற்றுக் காளானை மெல்ல இழுத்தால், காம்பு வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள்ளிருந்து வரும். புற்றில் முளைத்ததா, பக்கத்துச் சருகில் முளைத்ததா என்று அப்போதுதான் தெரியும். எனக்கும் அடிக்காம்பைப் பார்க்காமல் அடையாளம் சொல்ல முடியாது.

“ஆடி மாசத்துல அம்மன் புத்துல கை வுடச் சொல்றீங்களா? மஞ்ச குங்குமம் வச்சிருக்காங்க. மேலாக்க நகத்தால கிள்ளிக்கினு வந்தேன்.”

கூடையில் சில வெளிறி இருந்தன, சில கொஞ்சம் பழுப்பு. பிஞ்சுக்கும் முற்றலுக்கும் நிறம் மாறும்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்கு பஸ்.

“இம்மாம் படிச்சிட்டு இதுக்குப் போயி ரோசன பண்றீங்களே மாமா!” என்று சிரித்தான். சுருக்கென்று தைத்தது. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன ரோஷம்தான்.

“புத்துக் காளான்தான். ஆக்கு” என்றேன்.

பழுப்பில் ஒன்றை மட்டும் முந்திரி இலையில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சிதம்பரம் வந்ததும் தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி வைத்தேன். சில மணி நேரத்தில் அதன் வித்துத் தூள் தாளில் உதிர்ந்து, என்ன நிறம் என்று காட்டும். புற்றுக் காளானாக இருந்தால் வெளிர் ரோஜா நிறம். இந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டுத்தானே வாயைத் திறந்திருக்க வேண்டும்!

நாலு மணிக்கு போன் வந்தது. நானும் என் மனைவியும் கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவனுக்கு வேர்வை ஆறாக ஊற்றிக்கொண்டிருந்தது, எச்சில் நிற்கவில்லை. ஆனால் நினைவு இருந்தது. எதைத் தின்றாய், யாரைக் கேட்டுத் தின்றாய் என்று என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவன் என்னைப் பார்த்தான்.

“மாமா வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பிழைத்து வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து டம்ளரை எடுத்தேன். தாளில் துரு நிறத்தில் ஒரு வட்டம். அந்தத் தாள் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கிழித்துப் போடத் துணிவில்லை, யாருக்கும் காட்டவும் துணிவில்லை.

அடுத்த ஆடியிலிருந்து அவன் மனைவி போட்டோ அனுப்பத் தொடங்கினாள். மழை பெய்யும்போதெல்லாம் வரும். அதே புற்று, அடியில் சருகுக்குள் அதே பழுப்புக் காளான். ‘அண்ணா, இது நல்லதா?’ என்று மட்டும் கேட்பாள். மற்றவர்களுக்கு அனுப்புகிற அதே பதிலைத்தான் அவளுக்கும் அனுப்புவேன். புருஷனைக் கொன்றதையே தின்ன ஆசைப்படுகிறாளே, புத்தி பேதலித்துவிட்டதா என்று பயமாக இருக்கும். பயந்தேனே தவிர, ஒருநாளும் நேரில் போய்க் கேட்கவில்லை.

இந்த ஆடியிலும் வந்தது. யாரோ கிள்ளிப்போன காம்பு ஒன்று அந்தப் போட்டோவில் பாதியாக நின்றது. என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை. கூப்பிட்டேன்.

“அம்மா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி நான் வேணாம்னு சொல்லல. ஆக்குன்னு சொன்னதே நான்தான்.”



“தெரியும்ணா. நான் வாசப்படிக்கு உள்ளதானே நின்னுனு இருந்தேன்.”

“தெரிஞ்சும் ஏம்மா யாராண்டையும் சொல்லல?”

“அவரு சாவறப்ப சொன்ன வார்த்த. நான் எப்பிடி மாத்துறது?”

“அப்ப போட்டோ ஏம்மா அனுப்புற?”

“நான் காளானே தொடறதில்லண்ணா. நீங்க வேணாம்னு சொல்றத கேக்கணும் போல இருக்கும். அதான்.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “இன்னிக்கி இன்னும் சொல்லலியே நீங்க.”

“வேணாம்மா” என்றேன்.