நான் இறங்கிப் பார்க்காத வயல்

செயற்கைக்கோள் படம் பொய் சொல்லாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். தமிழ்நாட்டிலிருந்து மொரிஷியசுக்கு வேலைக்கு வந்த புதிது. மோகாவில் அலுவலகம். தீவில் எங்கே காடு, எங்கே கரும்பு, எங்கே சும்மா கிடக்கும் நிலம் என்று படத்தைப் பார்த்து வரைபடம் தயாரிக்க வேண்டும். ஸ்வெட்டர் ஆலைகளும் ஓட்டல்களும் திரும்பிய பக்கமெல்லாம் முளைத்த காலம். சும்மா கிடக்கும் நிலத்துக்கு அப்படி ஒரு கிராக்கி.

பாறைத் தரிசு என்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தை மாதிரியாகக் காட்டிவிட்டால், அதே சாயல் உள்ள இடங்களுக்கெல்லாம் கணினி சாம்பல் நிறம் பூசிவிடும். அந்த மாதிரி இடத்தை மட்டும் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும்.

படத்தில் நான் குறித்த இடம் செமின் கிரனியே பக்கம் இருந்தது. ஜீப் ஓட்டியவர் அந்த ஊர்த் தமிழர். வீட்டில் பேசுவது கிரியோல் மொழிதான்; தமிழ் கோயிலோடு சரி. வழியெல்லாம் அவரிடம் என் படத்தின் பெருமையை அளந்துகொண்டே போனேன். இடம் வந்ததும் வண்டியை நிறுத்தி, "எறங்கிப் பாரு அண்ணா" என்றார். தூறல் போட்டது. காலில் புது ஷூ. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு கருங்கல் சுவர், அதற்குப் பின்னால் ஆளுயரக் கற்குவியல்கள். கல்தான் தெரிகிறதே, போகலாம் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வரைபடம் மேலிடத்துக்குப் போனது. பாராட்டும் வந்தது. சில மாதம் கழித்து ஜீப் ஓட்டியவர் ஒரு கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். பயிரில்லாத தரிசு என்று சொல்லி அவர் நிலத்தை ஆலை கட்ட எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். அவருக்கு இருந்ததே அந்த ஒரு துண்டுதான்.

"நம்ம கரும்பு இதுல எங்க அண்ணா?" என்று சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார்.

கடிதத்தில் சொன்ன இடத்தை விரல் வைத்துத் தேடினேன். தேடிய விரல் போய் நின்றது என் மாதிரி இடத்தில்.

அன்றே இருவரும் போனோம். சுவரேறிக் குதித்தேன். குவியல்களுக்கு இடையே வரிசை வரிசையாகக் கரும்பு! எரிமலைக் கல்லைப் பொறுக்கிக் குவித்தால்தான் அந்த மண்ணில் நடவே முடியுமாம். என் படமோ கரும்பு வெட்டு முடிந்த மாதத்தில் எடுத்தது. அடப்பாவி, ஒரு வயலா இரண்டு வயலா? இதை மாதிரியாகக் காட்டியதால் தீவு முழுக்க இப்படிக் கல் குவித்த சிறு விவசாயிகளின் நிலத்தையெல்லாம் தரிசு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இது உங்கள் நிலம் என்று முதல்முறை வந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று அவர்மேல் பாய்ந்தேன். வெட்கங்கெட்டவன்.

"மேலேருந்து பார்த்தா சுவருக்கு அந்தப் பக்கமும் தெரியும்னு நீதானே சொன்ன" என்றார்.

அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வரைபடத்தைத் திரும்பப் பெற்று, சாம்பல் நிற இடங்களை ஒவ்வொன்றாக நேரில் பார்க்கச் சொன்னார்கள். மற்ற வயல்கள் தப்பின. அவருடையதை மட்டும் ஆலைக்குக் கொடுத்துக் கையெழுத்து முடிந்துவிட்டிருந்தது.

வடக்கே லாங் மவுண்டன் ஊர் வரை அத்தனை இடத்துக்கும் ஜீப் ஓட்டியவர் அவர்தான். ஒவ்வொரு வயலிலும் வண்டியை நிறுத்தினார். இறங்கிச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.