பின்கண்ணாடியில் தொங்கிய கயிறு

எங்கள் தீவின் பழைய கார் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக எந்தக் கார் வழியில் நின்றுபோனதோ, அதன் பின்கண்ணாடியில்தான் இழுவைக் கயிறு தொங்க வேண்டும். வேறொரு கார் நின்று, அதே கயிற்றைக் கட்டி யாராவது அதை இழுக்கும்வரை கயிறு இடம் மாறாது. பின்னால் வரும் பஸ் டிரைவரிலிருந்து மோட்டார் சைக்கிள்காரர் வரை எல்லாருடைய கண்ணிலும் படும். ஓர் ஆண்டுக்கு மேலாக அது எங்கள் மோரிஸ் மைனரில் தொங்கியது.

எங்கள் என்றால் மூன்று பேர். நான், பாயான் லெப்பாஸில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் சீனத் தோழி, டத்தோ கிராமாட்டில் நாசி கண்டார் சோற்றுக் கடை நடத்துபவரின் மகனான நண்பன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காரை மூவரும் சேர்ந்து வாங்கினோம். நண்பனின் கடைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கும் எரிவாயு உருளைகளுக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினோம். எங்கள் கைகளில் கிரீஸ் வாடையும் கறி மசாலா வாடையும் கலந்தே இருக்கும்.

குழுவோடு போன முதல் பயணத்திலேயே, பத்து ஃபிரிங்கி கடற்கரையைத் தாண்டியதும் கார் நின்றது. சாவியைத் திருப்பினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் டிக் டிக்கென்று அடிக்க வேண்டும். அன்று அது மூச்சே விடவில்லை. நண்பன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த குழம்புக் கரண்டியால் பம்பைத் தட்டிக்கூடப் பார்த்தான். குழுத் தலைவர், தன் ட்ரையம்ஃப் ஹெரால்ட் காரில் கயிற்றைக் கட்டி, கடற்கரைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க எடுக்க எங்களை இழுத்துக்கொண்டு போனார். அவர் டயர் கடை வைத்திருப்பவர். வாய் ஓயாதவர். அதன்பின் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் எங்களுக்கு அவர் வைத்திருந்த கேள்வி ஒன்றுதான். கயிறு சௌக்கியமா?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. தொழிற்சாலையில் மின்சில்லுகளைச் சோதிப்பது என் வேலை. அங்கே ஒரு பாடம் உண்டு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய், சோதித்துப் பார், பிறகு அடுத்ததற்குப் போ. அந்தப் பாடத்தைக் கடையின் பின்கட்டுக்குக் கொண்டுவந்தேன். பம்பின் கருகிய முனைகளைத் தேய்த்தோம், ஓட்டிப் பார்த்தோம். ரேடியேட்டரைக் கழுவினோம், மறுபடி ஓட்டினோம். கிளட்சைச் சரிசெய்தோம்; மறுபடியும். நண்பனுக்குப் பொறுமை போய்விடும். இந்த வேகத்தில் போனால் நம் பேரப்பிள்ளைகள்தான் இதில் ஊர்வலம் போவார்கள் என்பான். தோழிக்குச் சிரிப்பு வரும், ஆனால் ஸ்பேனரை ஒளித்து வைத்துவிடுவாள், அவன் இரண்டாவதாக எதையும் கழற்றிவிடாமலிருக்க.

இதற்கிடையில் அம்மாவுக்கும் கயிற்றின் மேல் ஒரு கண். தொழிற்சாலை கேண்டீனில் வேலை செய்யும் அம்மா அழுக்கைச் சகிக்கமாட்டார். ஒருநாள் வீட்டுக்குக் கீழே நின்ற காரிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. பாயான் பாரு வீட்டுப் பால்கனியில் அதையே கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டார். பிறகு, கூட்டம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவிழ்த்துக் காரில் மாட்டிக்கொண்டு போவேன்.

வெள்ளை வெளேரென்று தொங்கிய கயிற்றைப் பார்த்துத் தலைவர் அண்ணன் சொன்னார், "தொவைச்சுட்டீங்களா? சரிலா. அப்ப இது உங்க வீட்டுச் சீதனம். யாரும் கேக்க மாட்டோம்."

நான் சிரித்து வைத்தேன். அன்றே முடிவெடுத்துவிட்டேன், அடுத்த தீவுச் சுற்றுப் பயணத்தில் இந்தக் கயிறு என் காரோடு திரும்பக் கூடாது என்று. ஆனால் அதற்கு நாங்கள் நிற்காமல் ஓடினால் மட்டும் போதாது. வேறு யாராவது நிற்க வேண்டும்.

பயண நாள் காலையில் தலைவர் வழக்கம்போல ஹெரால்டின் முன்பக்கம் முழுவதையும் முதலை வாய்போலத் திறந்து வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் புதிது. ஒரே வாரத்தில் மாற்றியதாம். பளபளக்கும் செப்புக் குழாய் ஒன்று பெட்ரோல் பம்பிலிருந்து கிளம்பி, அழகுக்காக வளைந்து, புகைக்குழாயை உரசுவதுபோலப் போனது. குழாயைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொன்னேன். சூட்டில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்பால் அனுப்ப முடியாது என்றேன். நன்றி டாக்டர் என்று கும்பிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தெலுக் பஹாங் தாண்டி மலையேற்றம் தொடங்கியது. யாராவது நின்றால் இழுத்துவருவதற்காகத் தலைவர்தான் எப்போதும் கடைசி. நிற்கப்போவது நாங்கள்தான் என்று எங்களை அவருக்கு முன்னால் விட்டிருந்தார்கள். மற்ற கார்கள் வளைவுகளில் மறைந்துபோயின. டுரியான் கடைகளைக் கடந்து, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், தோழி பின்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள். ஹெரால்ட் நின்றிருந்தது.

காரை ஓரம் கட்டி, இறங்கி நடந்தேன். கையில் ஈரத்துணியும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் ஜெயித்தால் அது என்ன ஜெயம்?

"அண்ணே, பெட்ரோல்தான் ஆவியாயிருச்சு. இந்தத் துணியக் கொழாய் மேல போட்டு அரைமணி நேரம் இருங்க. தானா ஸ்டார்ட் ஆகும்."

"பெட்ரோலக் குளிப்பாட்டணுமா? கரண்டுப் பிரச்சன தங்கச்சி. ஒனக்குத் தெரியாது," என்றார்.

சாவியைத் திருப்பினார். திரும்பத் திரும்பத் திருப்பினார். இன்ஜின் சுற்றும் சத்தம் மெதுவாகி, முனகலாகி, கடைசியில் வெறும் க்ளிக் ஆனது. பேட்டரியும் போயிற்று. மேட்டில் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை.

நண்பன் எங்கள் காருக்குப் போய்ப் பின்கண்ணாடியிலிருந்து கயிற்றை எடுத்து வந்தான்.

தலைவர் அதைப் பார்த்தார். "இழுக்குமா ஒன் காடி? ரெண்டும் நின்னுச்சுன்னா கயிறு பழைய எடத்துக்கே. அதான் ரூல்."

"தெரியும்ணே," என்றேன்.

மைனரைப் பின்னால் இறக்கி ஹெரால்டுக்கு முன்னால் நிறுத்தினேன். முடிச்சை நானே போட்டேன். நண்பனும் தோழியும் ஹெரால்டைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டேன். கயிறு விறைத்தது. மைனர் ஒருமுறை உலுக்கிக்கொண்டு நகர்ந்தது. நடந்து வருபவன்கூட எங்களை முந்தியிருப்பான். கிளட்ச் வாடை மூக்கைத் துளைத்தது. நின்றால் தீர்ந்தது, மறுபடி கிளப்ப முடியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மனதில் ஓடியது. ரேடியேட்டர், கழுவியது. பம்ப், தேய்த்தது. கிளட்ச், சரிசெய்தது. எதையும் ஊகத்தில் விடவில்லை. வளைவு திரும்பியது, மரங்கள் விலகின, எதிரே வானம் தெரிந்தது. பின்னால் நண்பன் விட்ட சீழ்க்கை அடிவாரத்துப் பாலிக் பூலாவ் வரை கேட்டிருக்கும்.

உச்சியில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அண்ணனிடம் நீட்டினேன். வாங்கி முன்சீட்டில் எறிந்தார். இறக்கத்தில் உருட்டி கியர் போட்டதும் ஹெரால்ட் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. இவ்வளவு நேரத்தில் குழாய் ஆறியிருந்தது. நான் சொன்னது அதைத்தான்.

அப்போதுதான் தோழி மலாயில் கேட்டாள், இதை யார் பார்த்தார்கள் என்று. யாரும் பார்க்கவில்லை. அவர் கார் இப்போது ஓடுகிறது. தலைவர் தன் வாயால் சொன்னால் ஒழிய, மலையில் எதுவும் நடக்கவே இல்லை.

பாலிக் பூலாவில் எல்லாரும் லக்சா நூடுல்ஸ் கடை முன்னால் காத்திருந்தார்கள். நாங்கள் வந்து நின்றதும் ஒருவர் எங்கள் பின்கண்ணாடியை எட்டிப் பார்த்துக் கயிறு எங்கே என்றார். நான் ஹெரால்ட் வரவேண்டிய சாலையைத் திரும்பிப் பார்த்தேன். என் வாயால் சொன்னால் அது வெறும் பீற்றலாகிவிடும்.

ஹெரால்ட் வந்தது. கம்பீரமாகத்தான் வந்தது. தலைவர் இறங்கினார். முன்சீட்டிலிருந்து கயிற்றை எடுத்தார். எல்லாரும் பார்க்க, நிதானமாகத் தன் பின்கண்ணாடியில் மாட்டினார். முகர்ந்தும் பார்த்தார்.

"வாசமா இருக்குலா," என்றார். "இழுத்தது இந்தத் தங்கச்சி. காலையிலயே சொல்லிச்சு, நான்தான் கேக்கல. லக்சா என் கணக்கு, எல்லாரும் சாப்புடுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். அப்படியொரு கைதட்டலை நான் பட்டமளிப்பு மேடையில்கூடக் கேட்டதில்லை. இரண்டு கிண்ணம் லக்சா சாப்பிட்டேன். அதன்பின் பாயான் லெப்பாஸ் வழியாகத் திரும்பியபோது, பின்னால் வந்த தொழிற்சாலை பஸ்ஸுக்கு எங்கள் பின்கண்ணாடி வெறுமையாகத் தெரிந்திருக்கும். எனக்கு அதுவே கொடி ஏற்றியதுபோல இருந்தது.

வீட்டில் அம்மா ஈரத்துணி வாளியோடு பால்கனியில் நின்றிருந்தார்.

"கயிறு எங்கடி?"

நடந்ததை மலையிலிருந்து லக்சா வரை சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, தன் மகள் ஒரு காடியைக் கட்டி மலை மேலே இழுத்த கதையைச் சொன்னார். அவர் சொன்னதில் அது லாரியாகிவிட்டது. நான் திருத்தவில்லை.

எல்லாம் முடிந்து உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். "சரி, போய் ஒரு கயிறு வாங்கிட்டு வா. அதே மாதிரி கெட்டியா இருக்கணும்."