தொய்ந்த கயிறு

பனியே விழாத இத்தாலியப் பலெர்மோ நகரில் சறுக்குவண்டி இழுக்கிற நாய்களை வளர்ப்பவனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் வேலை செய்யும் வீட்டு வயோதிப அம்மாவைச் சிஞ்ஞோரா என்போம்; அவருடைய மகன் வளர்க்கிறான். லிபெர்த்தா வீதியில் பெரிய வீடு, பின்தோட்டத்தில் நான்கு நாய்கள். சறுக்குவண்டிக்குப் பதிலாக மூன்று சில்லு வண்டி. மலைப்பக்கத்து மண்பாதையில் பந்தயம். சிஞ்ஞோராவைக் குளிக்கவார்த்து, சமைத்து, நாய்களுக்கும் தீன் வைப்பது என் வேலை.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் என்னை விடவில்லை. ஒவ்வொரு நாயின் கயிற்றிலும் இழுவிசை அளக்கிற வில்தராசைக் கொளுவி, கூட ஓடிவந்து வாசி என்பான். நிற்கிற வண்டியைக் கிளப்பத்தான் கூடிய விசை வேண்டும், உருளத் தொடங்கினால் குறைவாகப் போதும் என்று விளங்கப்படுத்தினேன். தொய்ந்த கயிற்றில் இழுவிசை இல்லை என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் அவன் நன்றாகப் பிடித்துக்கொண்டான்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். வழமையாகப் பச்சை இறைச்சியையும் கொழுப்பையும் நான்தான் கையால் பிசைந்து நாய்களுக்கு வைப்பேன். விரதக் கையால் அதை எப்படித் தொடுவது? சோறும் பருப்பும் குழைத்துப் பால் விட்டு வைத்தேன். இறைச்சிப் பொதிகளைக் குளிர்பெட்டியின் அடியில் தள்ளினேன். முருகனுக்கும் குறையில்லை, நாய்க்கும் பட்டினியில்லை என்று எனக்குப் பெரிய திருப்தி. ஐந்தாம் நாள் தலைநாய்க்கு வயிற்றால் போனது. முன்னால் ஓடி வழிகாட்டுகிற பெட்டைநாய் அது. தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுப் பேசாமல் இருந்தேன். விசை, தூரம், வேலை என்று ஊருக்கெல்லாம் படிப்பித்தவளுக்கு, அந்த வேலைக்குச் சக்தி எங்கிருந்து வரும் என்று யோசிக்க அறிவில்லாமல் போய்விட்டது.

ஏழாம் நாள் பந்தயம். சிஞ்ஞோராவும் நானும் முடிவிடத்தில் நின்றோம். எங்கள் வண்டி கடைசியாக வந்தது. மற்ற மூன்றும் ஒருமாதிரி இழுத்தன. தலைநாய் நாக்குத் தொங்கத் தள்ளாடி வந்தது; அதன் கயிறு மண்ணில் அரைபட்டது.

"நீ சொன்னதுதான், கயிறு தொய்ந்துவிட்டது," என்றான் மகன் என்னிடம். "இது கிழடாகிவிட்டது, சோம்பல் வேறு. சியாகுல்லியில் இருக்கிற எங்கள் பழத்தோட்டத்தில் காவலுக்குக் கட்டப்போகிறேன்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் அறைக்கு வந்துதான் மனுசனிடம் வாய் திறந்தேன்.

"பிழை என்ரைதானப்பா. நாளைக்குச் சொல்லப்போறன்."

"சொல்லிப்போட்டு?" என்றார். "வேலை போகும். வேலை இல்லாட்டி இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கேலாது. நாயை ஆரும் கொல்லேல்லைத்தானே. பேசாமல் இரும்."

"ஓம்," என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

மாசியில், மண்டரின் பழம் பறிக்கிற காலம், ஒரு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. இறைச்சி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் சியாகுல்லிக்குப் போனேன். வெள்ளிக்கிழமையில் நான் காசு கொடுத்து இறைச்சி வாங்கியது அதுதான் முதல் தடவை. வேலியோரம் ஒரு மரத்தில் தலைநாயைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது. வேலிக்குள்ளால் போட்ட இறைச்சியை அது மோந்தும் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் பாய்ந்து வந்தது. சங்கிலி முடிந்த இடத்திலும் நிற்கவில்லை. நெஞ்சைக் கொடுத்து, பின்னங்கால்களை மண்ணில் ஊன்றி இழுத்தது. அந்தப் பெரிய மரத்தை இழுத்துக்கொண்டு என்னோடு வந்துவிடலாம் என்று நினைத்ததோ தெரியாது. நான் பஸ் ஏறும்வரை அந்தச் சங்கிலி ஒரு கணமும் தொய்யவில்லை.

திங்கட்கிழமை மகன் புதுத் தலைநாயின் கயிற்றில் தராசைக் கொளுவி, வாசி என்றான். வாசித்துச் சொன்னேன்.